கொள்ளைநோயும் விளையாட்டும்

விளையாட்டென்பது உண்டு உடுத்து ஓய்ந்திருப்பார்க்குரிய பொழுதுபோக்கென்றும், நாட்டிற்கு இடுக்கண் நேர்ந்துழி முதற்கண் விலக்கத்தக்கது அதுவே என்றும் கருதுவார் நம்முட் பலர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது இக்கருத்தே யாண்டும் செல்வாக்குற்றிருந்தது. இது முழுதும் பிழையென்று சொல்ல யாம் துணியோம். பிணியாளர்க்குப் படுக்கை கிடையாத காலத்தில் பந்தாட்டத்திற்கு இடந்தேடுதல் எவர்க்கும் உவப்பாகாது. ஆயின் அக்காலத்தில் எவ்விளையாட்டு நின்றது, எவ்விளையாட்டு நடந்தது, நின்றதனால் இழந்தவர் யாவர், நடந்ததனாற் பெற்றவர் யாவர் என்று ஆராயப் புகின், 'விளையாட்டு நின்றது' என்னும் பொதுச்சொல் எத்துணை உண்மையை மறைக்கின்றது என்பது புலனாகும்.

யாம் வாழும் பகுதியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மறைமலை நகரினின்று மேற்கே ஒரகடம் சென்று, ஆண்டிருந்து வடக்கே திருப்பெரும்புதூரையும் இருங்காட்டுக்கோட்டையையும் அடையும் வழியெல்லாம் இந்நாளில் ஆலைகளே. மோட்டார் வண்டியும் டயரும் கைத்தொலைபேசியும் இங்கே ஆக்கப்படுகின்றன. 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, இரவும் பகலும் தொழிலாளரைச் சுமந்தோடிய ஆலைப் பேருந்துகள் நின்றன. அவை மட்டுமோ? ஞாயிறுதோறும் வற்றிய ஏரியுள்ளும் வெற்று மனைகளிலும் டென்னிஸ் பந்துகொண்டு கிரிக்கெட்டு ஆடுவாரைக் காணோம். வைகறையில் வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலே மெல்லிய டயர் பூட்டிய மிதிவண்டியில் விரைவாரைக் காணோம். இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மோட்டார்ப் பந்தயத் தடமும் ஓசையற்றுக் கிடந்தது. ஊரடங்கு சிறிது தளர்ந்தபின்னரும், ஜூன் 19 முதல் 30 வரை சென்னையும் அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பகுதிகளும் மீண்டும் முற்றிலும் அடைக்கப்பட்டன. (மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து எழுதும் யாம் 'மிதிவண்டி' என்று எழுதுதலே முறை. எனினும் இவ்வூரில் அதனைச் சைக்கிள் என்றன்றி வேறு பெயராற் கூவுவார் ஒருவரையும் யாம் கண்டிலேம். ஆதலின் இரண்டையும் வழங்குவாம்.)

நோயின் கொடுமையை மிகுதியாக உணர்ந்த விளையாட்டுக்களுள் சைக்கிட் பந்தயம் ஒன்று. அதன் காரணம் அப்பந்தயத்தின் இயல்பிலேயே உள்ளது. கால்பந்தோ கிரிக்கெட்டோ ஓர் எல்லைக்குட்பட்ட களத்தில் நிகழும். வாயிலை அடைத்தால் கூட்டத்தை அடைக்கலாம். ஐரோப்பாவிற் பேர்பெற்ற சைக்கிட் பந்தயங்களோ மூன்று வாரம் ஊர்விட்டு ஊர் செல்வன, பொதுச்சாலையே களம், சாலையோரத்தில் நிற்பார்க்கு நுழைவுச்சீட்டும் இல்லை, வேலியும் பெரும்பாலும் இல்லை. வீரரோ தனித்தனியே செல்வாரல்லர். முன்செல்வான் காற்றைப் பிளக்க, அவன் மறைவிற் பின்செல்வான் தன் ஆற்றலைச் சேமிப்பான். ஆதலால் நூற்றுக்கு மேற்பட்டார் ஒரே திரளாய், ஒருவர் மூச்சு ஒருவர்மேற் படும்படி, மணிக்கணக்காக ஓட்டுகின்றனர். தொற்றுநோய்க்கு இதனினும் வாய்ப்பான ஏற்பாட்டை எவரும் வகுத்தல் அரிது.

2020 பிப்ரவரி 27-இல் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த பந்தயம் இரண்டு நாள் எஞ்சியிருக்கையிலேயே நிறுத்தப்பட்டு, வீரர் தம் விடுதியறைகளில் அடைக்கப்பட்டனர். பாரிசினின்று நீஸ் நகர்க்குச் செல்லும் பந்தயம் ஒருநாள் குறைய மார்ச்சு 14-இல் முடிந்தது. இத்தாலியில் வேனிற் பருவத்துக்கு முன் நடக்கும் மிலான் சான்ரெமோப் பந்தயம் ஆகஸ்டு 8-க்குத் தள்ளப்பட்டது. கரடுமுரடான கற்சாலைக்குப் பேர்பெற்ற பாரிசு ரூபேப் பந்தயம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் முதன்முறையாக அவ்வாண்டு நடவாதொழிந்தது. 1903-இல் தோன்றி, இரண்டு உலகப்போர்க்காலங்களிலன்றித் தடைப்படாத பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயமோ, ஜூன் 27-இல் தொடங்கற்பாலது ஆகஸ்டு 29-இலே தொடங்கிற்று. 176 வீரர் புறப்பட்டனர். ஒரு குழுவில் ஏழு நாளைக்குள் இருவர்க்கு நோய் காணின் அக்குழுவினரை வெளியேற்றலாம் என்பது விதி. பந்தயத்தின் தலைவராகிய பிரூதோம் என்பார்க்கே செப்டம்பர் 8-இல் நோய் கண்டது. எனினும் செப்டம்பர் 20-இல் அது பாரிசை அடைந்தது; தம் 22-ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள் ஸ்லோவேனிய நாட்டு இளைஞர் தாதேய் போகாச்சார் வாகை சூடினார். அதனையடுத்து அக்டோபரில் நடந்த இத்தாலியப் பெரும்பந்தயத்தில் அக்டோபர் 13-இல் இரண்டு குழுக்கள் ஒருங்கே விலகின.

இவ்வளவு இடர்ப்பட்டும் அதனை நடத்தியே தீரவேண்டுமென்று நின்றது என்னை எனின், வயிறே என்போம். சாலையிற் சீட்டு விற்க இயலாதாதலின் சைக்கிட் குழுக்கட்கு வாயில் வருவாய் இல்லை. ஒரு வணிகர் தம் பெயரை வீரர் சட்டையில் எழுதுவித்துப் பொருள் தருகின்றார். பந்தயம் இல்லையேல் சட்டையைக் காண்பார் இல்லை. காண்பார் இல்லையேல் வணிகர் கைவிடுகின்றார். போலந்து நாட்டுக் காலணி வணிகம் ஒன்றின் துணையால் இயங்கிய சி.சி.சி. என்னும் குழு 2020-இன் நடுவிலேயே ஊதியத்தைக் குறைத்து, ஊழியர் பலரை நிறுத்தி, ஆண்டிறுதியில் கலைந்தது. காலணிக்கடைகள் அடைபட்டமையால் மலையேறும் சைக்கிள் வீரர் வேலையிழந்தனர். நம் ஊரில் ஆலை நின்றமையால் அதன் வாயிலருகே தேநீர் விற்றாள் ஒருத்தி பிழைப்பிழந்ததனோடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது.

கொள்ளைநோய் பந்தயத்தை நிறுத்துவது புதிதுமன்று. 1919-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த பனிவளைகோற் பந்தாட்ட இறுதிப்போட்டி இன்புளூயன்சாவினால் முடிவின்றி நின்றது. ஆடவந்த மாந்திரியால் வீரர் ஜோ ஹால் அந்நோயால் உயிர்நீத்தார். அவ்வாண்டுக் கோப்பையை எவரும் பெறவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2020 மார்ச்சு 14-இல் கோவாவில் நடந்த கால்பந்து லீக் இறுதியாட்டத்தில் சென்னையின் எப்.சி. குழுவினர் கொல்கத்தாக் குழுவினரிடம் 3-க்கு 1 எனத் தோற்றனர். பார்ப்பார் ஒருவருமின்றி வெறுங்களத்தில் தோற்றனர். மார்ச்சு 29-இல் தொடங்கவிருந்த ஐ.பி.எல். கிரிக்கெட்டோ ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 19-இல் கடல்கடந்து அரபு நாட்டிற் சென்று நடந்தது. அதனை யாம் குறைகூறோம். 2021 ஏப்ரல் 9-இல் சேப்பாக்கத்தில் அது மறுபடியும் தொடங்கியபோதும் குறைகூறுதற்கு இடமில்லை. ஆனால் அத்திங்களின் நடுவே, ஆக்சிஜன் கலத்திற்காக மக்கள் நகரெங்கும் அலைந்த காலத்தில், பூட்டிய களத்தினுள்ளே ஒளிவிளக்கும் இசைமுழக்கமுமாக ஆட்டம் தொடர்ந்தமையை யாம் ஏற்கோம். வீரர் சிலர்க்கே நோய் கண்டு, மே 4-இல் அது நின்றது. அன்றிரவு செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் நோயாளர் பதின்மருக்கு மேல் இறந்தனர். காரணத்தைப் பற்றி எழுந்த வாதங்களில் யாம் புகோம். மக்கள் மனம் தளராதிருக்க ஆட்டம் வேண்டும் என்று கூறியவர்கள், அம்மாலையில் எம் மாவட்டத்து மக்களின் மனம் எங்கிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

டோக்கியோ ஒலிம்பிக் விழா 2020 மார்ச்சு 24-இல் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. ஓராண்டு என்பது கேட்பார்க்குச் சிறிது. உடலையே முதலாகக் கொண்டு வாழ்வார்க்கு அது சிறிதன்று. எனினும் நம் தமிழ்நாட்டினர் சிலர் அதனைத் தாங்கிய முறை போற்றற்பாலது. இத்தாலியில் வாட்பயிற்சி பெற்றுவந்த சென்னை பவானி தேவி, ஊரடங்குக் காலத்தைச் சென்னையிற் கழித்து, 2021 மார்ச்சில் தகுதி பெற்று, ஒலிம்பிக் வாட்போரில் இறங்கிய முதல் இந்தியராயினார். மதுரை ரேவதி வீரமணி, பாட்டியார் கூலிவேலை செய்து வளர்த்த பெண். வெறுங்காலால் ஓடத் தொடங்கியவர். லேடி டோக் கல்லூரியிற் பயின்றவர் என்பது நம்போன்ற மிஷன் கலாசாலைகளுக்குத் தனி உவகை தருவது. அவர் 2021 ஜூலை 4-இல் பாட்டியாலாவில் நடந்த தேர்வோட்டத்தில் 400 மீட்டரை 53.55 வினாடியில் முடித்து டோக்கியோ சென்றார். சேலத்து மாரியப்பன் தங்கவேலுவின் செய்தி இன்னும் நினைக்கத்தக்கது. மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் விழாவில் நாட்டின் கொடியேந்த வேண்டியவர் அவர். வானூர்தியில் உடன்வந்த ஒருவர்க்கு நோய் கண்டமையால் தனிமையில் வைக்கப்பட்டார். 2021 ஆகஸ்டு 24-இல் கொடியை வேறொருவர் ஏந்தினார். ஒரு வாரங்கழித்து மழையில் நனைந்த களத்தில் 1.86 மீட்டர் உயரம் தாண்டி வெள்ளிப்பதக்கம் கொண்டார்.

இவர்களைப் பற்றிப் பெருமிதங் கொள்ளுதல் எளிது. பெயர் தெரியாதாரைப் பற்றியே எமக்குக் கவலை. பல்கலைக்கழக மாணவர்க்கென நாடளாவிய 'கேலோ இந்தியா' விளையாட்டு விழா முதன்முதல் 2020 பிப்ரவரி 22 முதல் மார்ச்சு 1 வரை புவனேசுவரத்தில் நடந்தது. அடுத்தது பெங்களூரில் 2022 ஏப்ரல் 24-இலேயே தொடங்கியது. 2019 ஜூனில் இளங்கலை வகுப்பிற் சேர்ந்த மாணவன் ஒருவனை நினைமின். முதல் விழாவின்போது அவன் சேர்ந்து சில திங்களே ஆன புதியவன். இரண்டாம் விழாவின்போது இறுதித் தேர்வுக்கு உட்கார்ந்திருப்பவன். இடையிற் கழிந்த இரண்டாண்டு அவனுடைய 18-உம் 19-உம் ஆகிய வயதுகள். ஓட்டக்காரனுக்கு அவ்வயது எத்தகையதென்பதை எம் தேகப்பயிற்சி ஆசிரியரைக் கேட்பின் விளங்கும். உலக மாணவர் விளையாட்டுக்களோ 2021-இல் செங்தூ நகரில் நடக்கற்பாலன 2023-க்குத் தள்ளப்பட்டன.

இரயில்வேயிலும் வங்கியிலும் காவற்றுறையிலும் விளையாட்டுத் தகுதியால் இடம்பெறுவார் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே. அவர்க்குப் போட்டிச் சான்றிதழே சொத்து. நடவாத போட்டிக்குச் சான்றிதழ் ஏது? ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவர்க்கு 23 என்னும் வயதெல்லை உண்டு. விழா ஓராண்டு பிந்தியதும், பிந்தியது ஆடுவார் குற்றமன்று என்று உணர்ந்து அவ்வெல்லையை 24 ஆக்கினர். இந்நேர்மை உலகப்பேர் பெற்ற வீரர்க்கு மட்டும் உரியதோ? நோய்க்காலத்துக் கலாசாலையில் இருந்த ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் பல்கலைக்கழகப் போட்டியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையிலும் இழந்த ஆண்டுகளைக் கூட்டித் தருதலே நீதி என்பது எம் துணிபு. அவருட் பலர் இன்னும் முப்பதைக் கடக்கவில்லை; காலம் முற்றும் கடந்துவிட்டதென்று கைவிட வேண்டுவதில்லை.

பந்தயச் சைக்கிள்கள் நின்ற அந்நாட்களில் வேறு சைக்கிள்கள் ஓடின. இப்பகுதிகளில் வேலைசெய்த வடநாட்டுத் தொழிலாளருட் பலர், வண்டியும் இரயிலும் இன்றிக் கால்நடையாகவும் சைக்கிளிலும் ஒடிசாவையும் பீகாரையும் நோக்கிப் புறப்பட்டனர். 2020 மேத் திங்களில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி காலில் அடிபட்ட தந்தையைப் பின்னே அமர்த்தி, குருகிராமத்தினின்று பீகாரின் தர்பங்காவிற்கு ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றாள். சைக்கிட் கூட்டமைப்பினர் அவளைத் தேர்வுக்கு அழைத்தனர்; உலகம் வியந்தது. அவர்கள் நன்மனத்தை யாம் ஐயுறவில்லை. ஆயினும் பசியால் நிகழ்ந்த பயணத்தைப் பந்தயத் திறமையாகக் கண்டு மகிழ்தல் எமக்கு ஒவ்வவில்லை. அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஓர் இரயில் வண்டி.

'இவையெல்லாம் அரசினர் காரியம். கலாசாலை என் செய்யும்?' என்று வினவலாம். செய்யத்தக்கது ஒன்று உண்டு. நோய்க்கு முன்னெல்லாம் காலையில் எம் விளையாட்டுத் திடலில் மாணவரேயன்றிச் சுற்றுப்புறத்து ஆலைத் தொழிலாளரும் ஊர்ச் சிறுவரும் ஓடுவதுண்டு. 2020 மார்ச்சில் சாலையோரத்துச் சிறுவாயில் பூட்டப்பட்டது, அது வேண்டுவதே. நோய் தணிந்து, வகுப்பறையும் விடுதியும் சிற்றாலயமும் திறந்தன. திடலின் சிறுவாயில் மட்டும் இன்றுவரை திறந்திலது. எவரும் வேண்டுமென்று மூடிவைத்ததாக யாம் கருதவில்லை. திறக்கவேண்டுமென்று எவர்க்கும் தோன்றவில்லை, அவ்வளவே. இரவு வேலை முடிந்து ஆலைப் பேருந்தில் வந்திறங்கும் இளைஞர் இப்போது லாரிகள் ஓடும் பெருஞ்சாலையின் ஓரத்திலே ஓடுகின்றனர்.

பிரின்ஸிபால் அவர்களையும் தேகப்பயிற்சித் தலைவரையும் யாம் வேண்டிக்கொள்வது இதுவே: அச்சிறுவாயிலைக் காலை 5 மணி முதல் 7 மணி வரையேனும் திறந்துவிடுமாறு கட்டளையிடல் வேண்டும். காவலர் ஒருவர்க்குரிய ஊதியத்தில் ஒரு பகுதியைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்பின், செலவைப் பற்றிய தடையும் எழாது. விடுதி மாணவர் இருவர் வாரமுறை வைத்து வாயிலில் நிற்க முன்வந்துள்ளனர். திறவுகோல் அலுவலக அறையில் ஆணியில் தொங்குகின்றது.