தென் சென்னையில் முதலிடம் யாருக்கு?



தேர்தல் முடிவு வந்ததும் நாம் பார்ப்பது இரண்டுதான். யார் ஜெயித்தார்? எத்தனை ஓட்டு வித்தியாசம்?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தென் சென்னையில் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 5,16,628 ஓட்டு வாங்கி ஜெயித்தார். பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜனுக்கு 2,90,683. அ.தி.மு.க.வின் ஜெயவர்தனுக்கு 1,72,491. 'அந்த ரெண்டு கட்சியும் சேர்ந்து நின்னிருந்தா கதையே வேற' என்பார்கள். கூட்டிப் பாருங்கள், 4,63,174. அப்பவும் பத்தாது!

ஆனால் நான் சொல்ல வந்த கணக்கு வேறு. தொகுதியில் வாக்காளர்கள் சுமார் 20 லட்சம். பதிவானது 54 சதவீதம்தான். அதாவது 9 லட்சம் பேருக்கு மேல் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. உண்மையில் முதலிடம் அவங்களுக்குத்தான்! அண்ணா 1967-ல் நின்று ஜெயித்த தொகுதி இது. அதே 2024-ல் தர்மபுரியில் 81 சதவீதம்.

'பட்டணத்துக்காரன் சோம்பேறி, லீவு விட்டா ஊர் சுத்தப் போயிடுவான்' என்று திட்டுவது சுலபம். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் வேறு வீடு. நகரத்தின் நடுவிலிருந்து செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் இன்னொரு பக்கம். வீடு மாறினால் சாமான் கூடவே வரும். வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக வராது. படிவம் 8 கொடுத்தால்தான் மாறும். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது?

சாக்கடைக்கும் பஸ்ஸுக்கும் கேட்கப் போகும்போது, ஓட்டு இல்லாத தெருவுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

1989-ல்தான் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. நமக்காகக் குறைத்தார்கள். 17 முடிந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். விடுதி மாணவர்கள் விடுதி முகவரியிலோ சொந்த ஊரிலோ, ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பெயர் சேர்க்கலாம்.

படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நாம். நம் பெயரைச் சேர்த்த கையோடு, எதிர்வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதா என்றும் பார்ப்போமே! யாருக்கு ஓட்டு என்பது அவரவர் இஷ்டம். ஆனால் அடுத்த தடவை முதலிடம் வராதவர்களுக்குப் போகக்கூடாது.