மாண்ட வண்டிக்கு மணமாலை!

தோழனே!

பச்சைமலை அடிவாரத்திலே உப்பிலியபுரம். அங்கே வெங்காயம் விளைவிக்கும் உழவன் ஒருவன், ஐந்தாண்டு வியர்வையைக் காசாக்கிக் கார் வாங்கக் கருதுகிறான் என்று வைத்துக்கொள். தரகர் வருகிறார். "சென்னை வண்டி, ஒரே ஓனர், பாதி விலை" என்கிறார். பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது. பணம் கை மாறுகிறது. ஆறு திங்கள் சென்றபின், நள்ளிரவிலே துறையூர்ச் சாலையிலே நின்றுவிடுகிறது வண்டி. வயரெல்லாம் துரு! இருக்கைக்கு அடியிலே சேறு! வாங்கியது வண்டியல்ல, வெள்ளத்திலே மாண்ட வண்டியின் சடலம்!

2015 டிசம்பரிலே அடையாறு பெருக்கெடுத்தது. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தது. இருமுறையும் சென்னையிலே கார்கள் நீரிலே மூழ்கின. அவை எங்கே சென்றன? கேட்டோமா நாம்?

கணக்கைப் பார்ப்போம். கம்பெனி விலை 8 லட்சம் ரூபாய். வண்டிக்கு வயது இரண்டரை ஆண்டு. பாலிசியின் தேய்மானப் பட்டியல் 30 விழுக்காட்டைக் கழிக்கிறது. மிஞ்சுவது 5 லட்சத்து 60 ஆயிரம். இதுதான் ஐ.டி.வி. எனும் காப்பீட்டு மதிப்பு. பழுது நீக்கும் செலவு இதிலே 75 விழுக்காட்டை, அதாவது 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டுமானால், வண்டி 'டோட்டல் லாஸ்'. சர்வேயர் எழுதுகிறார், கம்பெனி பணம் தருகிறது. சடலமோ ஏலத்துக்குப் போகிறது. அல்லது அதன் விலையைக் கழித்துக்கொண்டு உரியவரிடமே விடப்படுகிறது.

இதுவரை குற்றமில்லை. குற்றம் இனிமேல்தான்! ஏலம் எடுத்தவர் கழுவுகிறார், வண்ணம் பூசுகிறார், பழைய ஆர்.சி. புத்தகத்தோடே விற்கிறார். அந்தப் புத்தகத்திலே மரணக் குறிப்பு ஒரு வரிகூட இல்லை. நொறுங்கிய வண்டியின் எண்ணைத் திருட்டு வண்டிக்குச் சூட்டிய கும்பலை 2020இல் லக்னோ காவல்துறை பிடித்ததும் நாடறிந்த செய்தி.

அமெரிக்காவிலே இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை குத்துகிறார்கள். செப்பனிட்டாலும் அந்த வரலாறு மறைவதில்லை. வாங்குபவன் அறிந்தே வாங்குகிறான். அறிந்தே விலை பேசுகிறான். இங்கே? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, நிரந்தரமாகப் பயனிழந்த வண்டியைப் பற்றி 14 நாளிலே பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்கிறது. 'பயனிழக்கவில்லை, செப்பனிட்டோம்' என்ற ஒரு சொல்லிலே சட்டம் சறுக்கிவிடுகிறது!

வஞ்சகம் அதோடு நிற்பதில்லை. உழவன் முழு வண்டிக்குரிய பிரீமியம் கட்டுகிறான். விபத்து நேர்ந்தாலோ, "இது பழைய சேதம்" என்று சர்வேயர் கழித்துவிடலாம். கட்டும்போது முழு வண்டி, கேட்கும்போது ஓட்டை வண்டி!

நாம் கேட்பது மானியமல்ல, ஒரு வரி மை! டோட்டல் லாஸ் ஆன வண்டியின் பதிவேட்டிலே அந்த உண்மை எழுதப்படட்டும். அதுவரை, தோழனே, உன் ஊராருக்கு எடுத்துச் சொல்: சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துச் சேற்றுக்கறை பார்க்கட்டும், சேஸிஸ் எண்ணை ஒப்பிடட்டும், பழைய பாலிசி எண்ணைக் கேட்டு வாங்கி, கிளெய்ம் வரலாற்றை விசாரிக்கட்டும். நீரிலே நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எஞ்சின் உடைந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம். அநீதி நேர்ந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதட்டும். ஒரு மாதத்திலே தீர்வில்லையேல், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மனிதன் மாண்டால் சான்றிதழ் கேட்கிறது அரசு. வண்டி மாண்டால் மட்டும் மௌனம் ஏன்? வியர்வை சிந்தியவன் சடலத்தை வாங்காதிருக்க, கேட்போம் அந்த ஒரு வரியை!