யூ இல்லாத கியூ



கோடை விடுமுறை வந்துவிட்டது. பரணில் கிடந்த ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல்லாட்ட அட்டையைப் பல வீடுகளில் தூசி தட்டி எடுத்திருப்பீர்கள். ஆடுகிறவர்கள் எல்லோரையும் கலங்கவைக்கும் எழுத்து ஒன்று அதில் உண்டு. அதுதான் கியூ. 100 காய்களில் அது ஒன்றே ஒன்று, மதிப்பு 10. அதற்குத் துணையாக வரவேண்டிய யூ நான்குதான். அந்த நான்கும் போனபிறகு கியூ கைக்கு வந்தால், பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை அது நம்மிடமே தங்கிவிடும். கடைசியில் நம் கணக்கில் 10 குறையும். காய்களை முதலில் தீர்த்தவர் கணக்கில் அதே 10 கூடும்.

இதற்காகவே, கியூவுக்குப் பின்னால் யூ வராத ஆங்கிலச் சொற்களைப் போட்டியாளர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் இது. புள்ளிக்காக மட்டும் உருப்போட்டு விட்டுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

கியூவும் யூவும் சேர்ந்தே வரவேண்டும் என்பது ஆங்கிலத்தின் பிறவிக்குணம் அல்ல. ராணியைக் குறிக்கும் சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் சி என்ற எழுத்தில் தொடங்கித்தான் எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் ஊறிய எழுத்தர்கள் அதைக் கியூ, யூ என்று மாற்றினார்கள். அந்த வழக்கமே பிறகு விதியாகிவிட்டது. விதிக்குக் கட்டுப்படாத சொற்களோ வேறு திசைகளிலிருந்து வந்தவை. தொண்டையின் அடியிலிருந்து எழும் ககர ஒலி ஒன்று அரபியில் உண்டு. அதைச் சாதாரணக் ககரத்திலிருந்து பிரித்துக்காட்ட, ஐரோப்பிய அறிஞர்கள் கியூவைத் தனியாகப் பயன்படுத்தினார்கள். பட்டியலில் பெரும்பகுதி அப்படி நுழைந்ததுதான்.

அதனால்தான் தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாக இருக்காது என்கிறேன். பக்கீர், புர்கா, தலாக், வக்ஃபு, கிப்லா, கவ்வாலி ஆகிய ஆறும் அதில் இருக்கின்றன. காஜியும் இருக்கிறார், நான்கே எழுத்தில். மதுரையில் காஜிமார் தெருவைக் கடந்துபோகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கடினமான சொற்கள் என்று அவர்கள் பயப்படுபவற்றில் சில, ஏற்கெனவே நம் ஊர்ப் பேச்சில் புழங்குபவை.

பட்டியலிலேயே மிகச் சிறியது, கியூவும் ஐயும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல். 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். உடலுக்குள் ஓடும் உயிர்ச்சக்தி என்று சீன மருத்துவம் சொல்வது இதைத்தான். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதப் பின்யின் முறையைச் சீன அரசு 1958இல் ஏற்றது. அதற்கு முன்பு ஆங்கில நூல்களில் இந்தச் சொல் சி, எச் எழுத்துகளோடுதான் இருந்தது. வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் 2006இல்தான் இதைச் சேர்த்தார்கள். எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் கியூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இதே சொல் அமையும்படி செய்தால் 62 புள்ளி.

மூன்றெழுத்தில் 'காட்' இருக்கிறது. ஏமன் நாட்டில் பிற்பகல் வேளைகளில் கன்னத்தில் அடக்கி மெல்லும் ஒருவகைப் போதை இலை. தண்ணீர்ப் பஞ்சம் தீராத அந்த நாட்டில், பாசனநீரில் பெரும்பங்கை இந்தச் செடி குடித்துவிடுகிறது.

நீர் என்றதும் 'கானாட்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரானில் மலையடிவார நிலத்தடி நீரை, லேசான சரிவுள்ள சுரங்கக் கால்வாய் வழியே வறண்ட சமவெளிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. நீர் தன் எடையாலேயே ஓடிவரும், இறைக்க வேண்டியதில்லை. மேலே வரிசையாகக் கிணறுபோன்ற துளைகள் இருக்கும். மண்ணை வெளியேற்றவும், காற்று போகவும், இறங்கிப் பழுதுபார்க்கவும் அவை உதவும். பூமிக்கு அடியில் ஓடுவதால் வெயிலில் ஆவியாகும் இழப்பும் குறைவு. இப்படிப்பட்ட 11 கானாட்டுகளை 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பக்கத்துக் கர்நாடகத்தில், பீதர் நகரில் பாமினி சுல்தான்கள் காலத்தில் இதே முறையில் வெட்டிய கால்வாயைக் கரேஸ் என்கிறார்கள். ஐந்தெழுத்துச் சொல் ஒன்றின் பொருளைத் தேடப்போனால் ஒரு நாகரிகத்தின் நீர் மேலாண்மையே கிடைக்கிறது.

அல்பேனியாவில் முன்பு புழங்கிய சில்லறைக் காசான கிந்தாரும், தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை எழுத்துகளே பெயராகிவிட்ட குவெர்ட்டியும் உண்டு. ஹீப்ரு நெடுங்கணக்கின் 19ஆம் எழுத்தான 'கோஃப்' எனக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பினீசிய மூதாதையிலிருந்து கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போன எழுத்துதான் இன்றைய கியூ. தன் பாட்டன் பெயரை எழுத, கியூவுக்கு யூவின் துணை தேவைப்படவில்லை.

பொருளே தெரியாமல் வெல்ல முடியாதா என்று கேட்டால், முடியும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார்; 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் வென்றார். அபாரமான நினைவாற்றல், மனதார வணங்குகிறேன். ஆனால் நம் கூடத்தில் உட்கார்ந்து ஆடும் பிள்ளை உலகப் பட்டத்துக்கு ஆடவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புள்ளியைவிடப் பொருள் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு ஆட்டத்துக்கு ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லை வைப்பவர் அதன் பொருளையும், அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் சொன்னால் கூடுதலாக 5 புள்ளி. தெரியாவிட்டால் எல்லோரும் சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள். அப்படிக் கிடைத்த நல்ல சொற்களைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதி எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆவலோடு படிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்