பேரனின் தமிழை உண்டவர் யார்?

“பேரன் தமிழ் பேசுகிறானில்லை” என்ற புலம்பல் இன்று யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வீட்டுக்கு வீடு கேட்கின்றது. ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசி முடிந்ததும் பெரியவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகின்றார். அவர் முகத்தில் களையில்லை. மாலையில் சங்கக்கடை வாசலில் நாலு பேர் கூடும்போது தீர்ப்பு வழங்கப்படுகின்றது. மருமகள் சரியில்லை; தாய் தமிழ் ஊட்டவில்லை; போன இடத்தில் மொழியைக் கைவிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் எப்பொழுதும் தாயே. அவளுக்காக வழக்குரைக்க அவ்வாசலில் எவரும் இருப்பதில்லை. உழவரும் உத்தியோகத்தரும் ஒருமுகமாக வழங்குகின்ற இத்தீர்ப்புப் பிழையானது என்பதே எனது கட்சி.

இவ்வழக்கை எடுத்துப் பேச உமக்கு என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். அத்தீர்ப்பைப் பலமுறை வழங்கியவர்களுள் நானும் ஒருவன் என்பதே என் தகுதி. நோர்வேயில் வாழும் என் மூத்த பேரனுக்கு நாலு வயது. ஒருநாள் தொலைபேசியில் “அப்பப்பா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டான். நீ, நீர், நீங்கள் என மூன்று படி வைத்து ஆளை அளந்து பேசுகின்ற ஊரிலே பிறந்தவன் நான். அன்று எழுந்த சினம் கொஞ்சமன்று. மருமகளின் வளர்ப்பைப் பற்றி என் மனைவியிடம் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத நாணுகின்றேன்.

பின்னர் ஒரு தை மாதத்தில் நாமிருவரும் ஒஸ்லோ சென்று மகன் வீட்டில் 90 நாள் தங்கினோம். வருகையாளர் விசாவில் அதற்கு மேல் தங்க இயலாது. மகன் முதியோர் இல்லம் ஒன்றில் தாதிய உத்தியோகத்தன். மருமகள் அந்நாட்டிலேயே பிறந்தவள். 1956இல் முதல் தமிழர் சென்று சேர்ந்ததாகச் சொல்லப்படும் நாடு அது. 1983இன் பின்னர் ஏதிலிகளாகச் சென்ற நம்மவர் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் நின்று உழைத்தார்கள். மருமகளின் பெற்றாரும் அவர்களுள் அடங்குவர். கார்த்திகைக் கடைசி முதல் தை வரை சூரியன் உதியாத ஊரிலே, ஒரே கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்தமையால், ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் பிள்ளைகளைப் பார்த்தாளாம். அவளுடைய தமிழ் அந்த அடுக்களைகளில் விளைந்தது. என் மகனுடையதைக் காட்டிலும் அது நல்ல தமிழ் என்பதை அங்கு போன பின்னரே அறிந்தேன்.

அவ்வாறாயின் பேரன் ஏன் “நீ” என்கின்றான்? நோர்வே மொழியிலும் முன்னர் பெரியோரை விளிக்கத் தனிச் சொல் இருந்தது. இன்று பேச்சு வழக்கில் அஃது ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆசிரியைக்கும் வைத்தியருக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் “டு” என்னும் ஒரே சொல்தான். பாலர் பூங்கா ஆசிரியையை அவன் பெயர் சொல்லியே அழைக்கின்றான். அவளும் மகிழ்ந்து திரும்பிப் பார்க்கின்றாள். அந்த இலக்கணத்தைத் தமிழில் ஏற்றிப் பேசுகின்றான், அவ்வளவே. ஒருநாள் நேரிலும் அவன் “நீ” என்றபோது என் கை ஓங்கியது. மகன் பிடித்துக்கொண்டான். 1987ஆம் ஆண்டு முதல் அங்கே பிள்ளையை அடித்தலைச் சட்டம் விலக்கியிருக்கின்றது, பெற்றாருக்கும் விதிவிலக்கில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் பிடித்திருப்பேன் என்றான் மகன்.

அவ்வீட்டின் ஒரு நாளைச் சொல்கின்றேன். காலை ஆறரைக்கு வீடு எழுகின்றது. வெளியே நள்ளிரவு போன்ற இருள். பிள்ளைக்கு உடுப்பணிவித்தல் ஒரு பெருவேலை. உள்ளே கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி, அதன் மேல் நீர் புகாத முழு அங்கி, கையுறை, தொப்பி, சப்பாத்து. எல்லாவற்றையும் பூட்டி முடிந்த பின்னர்தான் அவனுக்கு ஒன்றுக்கு வரும். அரைஞாண் கயிற்றோடு முற்றத்தில் திரிந்து வளர்ந்த நமக்கு இத்துன்பம் விளங்காது. எட்டு மணிக்குப் பாலர் பூங்கா. 2009 முதல் ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்கு அங்கே இடம் பெறுதல் சட்டவுரிமை. மதியத்துக்குப் பாணும் பாற்கட்டியும். மழையோ உறைபனியோ, வெளியில் விளையாட்டு. கைக்குழந்தைகளைக் கம்பளிப் பையில் சுற்றி, தள்ளுவண்டியோடு குளிரிலேயே உறங்க விடுவதும் அந்நாட்டு வழக்கம். என் மனைவி முதல் நாள் அதைக் கண்டு அழுதேவிட்டாள். பத்தாம் நாள் தானே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியில் விட்டாள்.

மாலை நாலு மணிக்குப் பிள்ளை திரும்புகின்றான். ஏழு மணிக்குப் படுக்கை. இடையிலுள்ள மூன்று மணித்தியாலத்தில் நனைந்த உடுப்பைக் காயப்போட வேண்டும், சமைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். தமிழுக்கு எஞ்சுவது எவ்வளவு? நான் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். அரை மணித்தியாலம் தேறினால் அது நல்ல நாள்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வழியில்லை. நோர்வேச் சட்டம் பாடசாலையில் தாய்மொழிக் கற்பித்தலை முற்றாக மறுக்கவில்லை. எனினும் பிள்ளை நோர்வே மொழியைப் போதிய அளவு கற்கும்வரை ஊன்றுகோலாகவே அதனை வழங்குகின்றது. அங்கு பிறந்த பிள்ளைக்கு அந்த ஊன்றுகோல் பெரும்பாலும் எட்டாது. வார இறுதியில் தமிழர் தாமே நடத்தும் வகுப்புக்கள் உண்டு. ஊதியமின்றி உழைக்கும் அவ்வாசிரியர்களை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் கிழமைக்கு ஒருமுறை இறைக்கும் நீரால் தோட்டம் வளராது என்பதை நம் உழவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு தருவது வேறொன்று. அதுதான் நேரம். குழந்தை பிறந்தால், ஓர் உச்ச வரம்புக்குட்பட்ட முழுச் சம்பளத்தோடு, பெற்றார் இருவருக்குமாக 49 வாரம் விடுப்புண்டு. அதில் 15 வாரம் தந்தைக்கே உரியது. அவன் எடுக்காவிட்டால் பொதுவாக அது கழிந்துபோகும், தாய்க்குச் சேராது. 1993இல் நாலு வாரமாகத் தொடங்கிய ஏற்பாடு இது. ஆண்களை வீட்டில் இருத்துவதற்கே இவ்வாறு விதித்தார்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது என் மகன் இளைய குழந்தைக்காக அந்த விடுப்பில் இருந்தான். மனைவி வேலைக்குப் போகக் கணவன் குழந்தையின் அணையாடை மாற்றும் காட்சியைக் கண்டு முதற்கிழமை நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து பேசிய உறவினர் ஒருவர் “தம்பிக்கு வேலை போய்விட்டதா?” என்று இரக்கத்தோடு கேட்டார். ஆனால் அந்த வாரங்களில் அவன் வாய் ஓயவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டும், காகத்தைக் காட்டியும், மரத்தைக் காட்டியும், பகல் முழுவதும் தமிழிலேயே குழந்தையோடு பேசினான். நான் திரும்பு முன் அக்குழந்தை சொல்லப் பழகிய சொற்கள் ஐந்தும் தமிழ்ச் சொற்கள். மூத்தவன் பிறந்தபோது அவன் இந்த விடுப்பை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று நினைத்தேன், அப்பா” என்றான்.

இன்னொன்றையும் அங்கேயே அறிந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எமது கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு விதித்தபோது, என் பங்கையும் அவனிடமே கேட்டேன். அதே ஆண்டில் கிணற்றுக்கு நீரிறைக்கும் பொறி, ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணம், பழைய மாணவர் சங்கத்து மண்டபம். அவன் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாரி முழுவதும் சனிக்கிழமைகளில் மேலதிக வேலை செய்தான். மருமகளோ கருவுற்றுச் சத்தியெடுத்துக் கிடந்தாள். மூத்தவன் தமிழ் வகுப்புக்குப் போக வேண்டிய நாளும் சனிக்கிழமை. கூட்டிப் போக ஆளில்லை. அவ்வாண்டு அவன் போகவேயில்லை.

ஆகவே அவனுடைய தமிழை உண்டவர் யார் என்ற வினாவுக்கு விடை தேட நான் மருமகளிடம் போக வேண்டியதில்லை. கோபுரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று, நன்றாகத்தான் இருக்கின்றது. அதில் என் பேரனின் ஓராண்டுச் சனிக்கிழமைகள் பூசப்பட்டிருக்கின்றன. ஊரின் தேவைகள் பொய்யென்று நான் சொல்லவில்லை. போரினால் நொந்த மண்ணுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் கை வேண்டியிருந்தது. சிலவற்றுக்கு இன்னும் வேண்டும். ஆனால் பங்கு விதிக்கும் கூட்டங்களில், வீட்டிலே கைக்குழந்தை உள்ளவனுக்கு விலக்களிக்க வேண்டும் என்று எழுந்து சொல்ல ஒருவராவது வேண்டாமா? வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் சொல்லவிருக்கின்றேன். எதிர்ப்பவர் எதிர்க்கட்டும்.

பேரன்மார் இராச்சாப்பாட்டுக்கு உட்காரும் ஐந்தரை மணி கோடையில் நமக்கு ஒன்பது; மாரியில் பத்து. விடியல் நாலு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்குப் போகின்றவனுக்கு அது கடினம். நான் இப்பொழுது பகலில் ஒரு மணித்தியாலம் உறங்கிக்கொள்கின்றேன். நாள்தோறும் பத்து நிமிடம் ஒரு கதை சொல்கின்றேன். மருமகள் ஆறுதலாகச் சமைக்கின்றாள். மூத்தவன் இன்னும் என்னை “நீ” என்றே விளிக்கின்றான். சென்ற கிழமை வடை சுட்ட பாட்டியின் கதை சொன்னபோது இடைமறித்து, நரி காகத்தை மட்டும் ஏன் “நீங்கள்” என்று கூப்பிட்டது என்று கேட்டான்.