கண்ணாடியில் ஒரு மரபு

அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் வாழும் டிலிங்கிட் தொல்குடியினர், ஸ்புரூஸ் மரவேரால் நீர் ஒழுகாத கூடைகளை முடைந்தவர்கள். அக்குடிவழி வந்த பிரஸ்டன் சிங்கில்டரி, 1982ஆம் ஆண்டு முதல் சியாட்டில் நகரில் கண்ணாடியை ஊதிக் கலங்கள் செய்து வருகிறார். இருவண்ண அடுக்குகள் கொண்ட கலத்தின்மீது அண்டங்காக்கை முதலிய குலக்குறிகளின் வடிவை ஒட்டி மறைத்து, மணலை விசையுடன் பீய்ச்சுவார். மறைக்கப்படாத மேல்வண்ணம் தேய்ந்து அகல, உருவம் புடைத்து எழும்.

கண்ணாடி இம்மரபுக்கு அயலானது என்பார் உளர். அது பொருந்தாது. வணிகர் கொணர்ந்த கண்ணாடி மணிகளை அக்குடியினர் நெடுங்காலம் முன்பே தம் ஆடைகளில் கோத்து அணிந்தனர். மரமும் வேருமே அவர்களுக்கு உரியவை என்பது, வாழும் குடியொன்றை அருங்காட்சியகத்தில் பூட்டிவைப்பதாகும். கலத்தின்மேல் தடித்தும் மெலிந்தும் ஓடும் அக்கோடு, முன்னோர் தூண்களில் செதுக்கியும் போர்வைகளில் நெய்தும் காத்த கோடேயன்றோ?