காலைப் படம் எடுங்கள்

மலேசியாவின் ஈஜோக்கில் என்னிடம் சிலம்பம் பழக வரும் பையன்களுக்குக் கம்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு குரங்கு. 2024 ஆகஸ்டில் வந்து, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற ‘பிளாக் மித்: வூகோங்’ என்ற சீன வீடியோ கேமின் நாயகன். ஓங்கி அடிப்பான், நீட்டிக் குத்துவான், கம்பை ஊன்றி அதன் உச்சியில் ஏறி நிற்பான். (கடைசியை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித்தர மாட்டார்.) அந்த கேமைச் செய்த நிறுவனம் அடுத்ததாகப் பேய்களை அடக்கும் சோங் குய் கதையைச் செய்வதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. உடனே கேள்வி வந்தது: “மாஸ்டர், நம்ம போதிதர்மர வெச்சு ஏன் ஒரு கேம் வரல?”

2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தின் வேலை இது. அதில் போதிதர்மர் என்ற பௌத்தத் துறவியாக வந்த சூர்யா செய்ததையெல்லாம் பையன்கள் வரலாறு என்றே நம்புகிறார்கள். என் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போதிதர்மர் தென்னாட்டு அரசரின் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அவர் பாரசீகர் என்கிறது ஆறாம் நூற்றாண்டின் இன்னொரு குறிப்பு. ஷாவ்லின் துறவிகளின் கலைக்கு அவரே மூலம் என்று காட்ட எடுத்துவைக்கும் நூலோ 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் ஆயிரம் ஆண்டு இருக்கிறது.

துறவிதான் வேண்டுமென்றால், அந்தக் குரங்கின் மூலக்கதையிலேயே ஒருவர் இருக்கிறார். குரங்கு காவல் காத்து அழைத்துப்போகும் துறவி, நம் பாடப்புத்தகத்தில் வரும் யுவான் சுவாங்தான். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றியவர், காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிவைத்தார். எழுதியதால்தான் இன்றும் அது நம் கையில் இருக்கிறது.

அந்த கேமைச் செய்தவர்களும் பதிவில்தான் தொடங்கினார்கள். ஷான்ஸி மாகாணத்துப் பழைய கோயில்களுக்குப் போய்ச் சிலைகளையும் சுவர்களையும் ஸ்கேன் செய்தார்கள். சண்டைக்காரர்களை ஆடவிட்டு அவர்களின் அசைவுகளைக் கணினிக்குள் ஏற்றினார்கள்.

நாளைக்கே ஒரு நிறுவனம் பணத்தோடு ஈஜோக் வந்தால் நாம் எதைக் கொடுப்போம்? தோட்டத்தில் லயங்கள் இருந்த காலத்தில், வேலை முடிந்த பிறகு கோயில் திடலில் பிரம்போடு நின்றவர்கள் எங்கள் வாத்தியார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் தாமான்களுக்குக் குடிபோனார்கள். வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். என் வாத்தியார் கம்பைப் பார்க்கவே விடமாட்டார், “காலப் பாருடா” என்பார். சலாம் வரிசையில் இடக்காலைப் பின்வாங்கி அவர் திரும்பும் விதத்தைத் தமிழ்நாட்டு வீடியோக்களில் நான் பார்த்ததில்லை. அது அவருடைய சொந்தக் காலடியா, கப்பலேறி வந்ததா என்று கேட்க இன்று ஆளில்லை. திருவிழா வீடியோக்களோ ஏராளம். எல்லாவற்றிலும் தீப்பந்தம் சுழல்கிறது, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

தமிழர் வாழ்க்கை கேமுக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்ல வேண்டாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து 2023-இல் வந்த ‘வெண்பா’, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அதில் ஒரு சண்டைகூட இல்லை. இங்கே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகமே இருக்கிறது. கணினி படிக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கச் சரக்குதான் வேண்டும். அதைச் சேர்க்க, போதிதர்மருக்காகச் சண்டை போடும் நேரத்தில் பாதி போதும்.

உங்கள் வட்டாரத்தில் வயதான சிலம்ப வாத்தியார் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்து, மெதுவாக ஆடச் சொல்லி, காலைப் படம் எடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் சொல்லும் பெயரையும், அதை அவர் யாரிடம் கற்றார் என்பதையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.