பணத்தால் கட்ட முடியாத அபராதம்

அபராதம் என்றாலே பணம் கட்டுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பையில் காசு உள்ளவனுக்கு அது ஒரு தண்டனையா என்ன? கட்டிவிட்டு மறுநாளே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பான். பிரிட்டனில் 1982 முதல் இருந்துவரும் பெனால்டி பாயிண்ட் முறை இங்கேதான் வேறுபடுகிறது.

கணக்கு எளிது. வேக வரம்பை மீறினால் குறைந்தது 3 பாயிண்ட், கூடவே 100 பவுண்ட் அபராதம். ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுத்தால் 2017 முதல் 6 பாயிண்ட், 200 பவுண்ட். மூன்று ஆண்டுகளுக்குள் 12 பாயிண்ட் சேர்ந்தால், பொதுவாகக் குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தடை. இன்சூரன்ஸ் செலவும் கூடும்.

பணக்காரர் பயப்படுவது பணத்துக்கு அல்ல, இந்தப் பாயிண்டுக்குத்தான். அதற்கு நல்ல உதாரணம் கிறிஸ் ஹ்யூன். 2003ல் வேகமாக ஓட்டி கேமராவில் சிக்கிய இந்த அரசியல்வாதி, லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ளப் பாயிண்டுகளை மனைவி பெயரில் ஏற்றினார். பிறகு அமைச்சராகவும் ஆனார். உண்மை வெளிவந்து, 2013ல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறைத் தண்டனை. வெறும் 3 பாயிண்டுக்காக!

இதுவரை நல்ல முறைதான். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் முதல் இரண்டு ஆண்டுகளில் 6 பாயிண்ட் வாங்கினால் லைசென்ஸே ரத்து. ஒரே ஒரு செல்போன் அழைப்பு போதும்! மறுபடியும் எல் போர்டு மாட்டி, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். வேலை போகும், வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

12 பாயிண்ட் சேர்த்த பழைய ஓட்டுநருக்கோ அந்தக் கதவு திறந்திருக்கிறது. தடை விதித்தால் அசாதாரணமான கஷ்டம் வரும் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால், தடை குறையலாம், இல்லாமலே போகலாம். நல்ல வக்கீல் வைக்க வசதி உள்ளவருக்கு இது இன்னும் சுலபம். வாசல் வழியாக வெளியே அனுப்பிய பணம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

தவறே செய்யாத குடும்பமும் ஊழியர்களும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் அந்தச் சலுகையை அடியோடு எடுக்க வேண்டியதில்லை. சலுகை பெறுபவரும் புதியவரைப் போலவே மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டட்டும். ஆறு பாயிண்டுக்கு இளைஞன் செய்வதை, பன்னிரண்டுக்குப் பெரியவர் செய்யக் கூடாதா?

வண்டி வந்து மோதும்போது, ஓட்டியவர் புதியவரா பழையவரா என்று அடிபடுகிறவர் பார்ப்பதில்லை. சட்டம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?